மாமாவைக் கீழே இறக்க ஒரு முதுகு

என்னைக் கேட்டால் தூக்குவதற்கு உலகத்திலேயே மோசமான சாமான் பீரோ இல்லை, பியானோவும் இல்லை. மனிதன்தான். பீரோ வாயைத் திறக்காது. "இடது பக்கம் சாயுது" என்று குறை சொல்லாது. வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் நின்று குசலம் விசாரிக்காது. என் மாமனார் இத்தனையும் செய்வார். அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கிய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

வீடு மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் சகலையும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஒரே கம்பெனி, ஒரே லாரி, ஏறக்குறைய ஒரே வயது. முதலில் சிநேகிதன், பிறகுதான் சகலை. அவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவனே நான்தான், அதற்காக என்னை அவன் திட்டாத நாள் இல்லை. மாடியிலிருந்து சாமான் இறக்கும்போது ஒருவன் மேல்படியில் நிற்பான், ஒருவன் கீழ்ப்படியில் நிற்பான். மேலே நிற்பவன் வழி சொல்வான். கீழே நிற்பவன் சாமானைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்குவான். கனத்தில் பெரும்பங்கு அவன் தலையில். நான் எப்போதும் கீழே. உயரம் கம்மி, அகலம் ஜாஸ்தி. "உன்னைப் படைச்சதே கீழ்ப்படியில நிக்கத்தான்" என்பான் சகலை.

மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். சகலையின் வீடு ஒரு மாடி கீழே. லிஃப்ட் இல்லாத கட்டடம். மாமா அந்தக் காலத்தில் பஸ் ஓட்டியவர். வருஷக்கணக்கில் கிளட்சும் பிரேக்கும் மிதித்தே இரண்டு முட்டியும் போய்விட்டன. ஆளோ வாட்டசாட்டம், வயிறு மேசையில் இடிக்கும். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நாலடி நடப்பார், படியில் கால் வைக்க முடியாது. அதனால் ஞாயிறு தோறும் கைவைத்த மர நாற்காலியில் அவரை உட்கார வைத்து, சாமான் கட்டும் பெல்ட்டால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, நாங்கள் இருவரும் இறக்குவோம். தெருமுனையில் பஸ் நிறுத்தம். அதற்கு எதிரே சலூன், சலூன் வாசலில் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்துகொண்டு வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றுக்கும் மார்க் போடுவார். "பிரேக் போடறானா இல்ல பாம்பை மிதிக்கறானா? இவனுக்கெல்லாம் யாருய்யா லைசென்ஸ் குடுத்தது?" சலூன்காரர் வாய்விட்டுச் சிரிப்பார். வாரம் முழுக்க மாமா உயிரோடு இருந்ததே அந்தப் பெஞ்சுக்காகத்தான் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் முதுகு காலை வாரியது. முதுகு வலி எனக்குப் புதிதில்லை. காலையில் சுவரைப் பிடிக்காமல் கட்டிலை விட்டு எழுந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரு தைலம், ஒரு பெல்ட், நாலு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான் வைத்தியம். பியானோ தூக்கும்போது முதுகு போயிருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். எனக்கு எப்போது போனது தெரியுமா? கட்டிலுக்கடியில் செருப்பை எடுக்கக் குனிந்தபோது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன்.

"என்னங்க தேடறீங்க?" என்றாள் மனைவி.

"என் இடுப்பைத் தேடறேன். கிடைச்சா சொல்லு."

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றார். அப்பாடா என்று இருந்தது. "ஆனா தினமும் உடற்பயிற்சி பண்ணணும். விடாம பண்ணணும். அது ஒண்ணுதான் இதுக்கு மருந்து" என்றார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு பீரோவைச் சுமக்கிறவனைப் பார்த்து உடற்பயிற்சி செய் என்றால்? என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "தூக்கறது வேற, இது வேற" என்று சொல்லி பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் என்னைக் குப்புறப் போட்டாள், மல்லாக்கப் போட்டாள், அங்கே இங்கே அமுக்கிப் பார்த்தாள். "அண்ணா, உங்க கையும் தோளும் பயங்கர ஸ்ட்ராங். வயித்துலயும் அடி முதுகுலயும் இருக்கற தசைங்கதான் சும்மா தூங்குது. மொத்த பாரமும் எலும்பு மேல விழுது" என்றாள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தச் சொன்னாள். நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டச் சொன்னாள். பூனை சோம்பல் முறிப்பது போல் முதுகை மேலே வளைத்து, கீழே இறக்கச் சொன்னாள். பிறகு நடை. இவ்வளவுதானா என்று எனக்குள் ஓர் இளக்காரம்.

வீட்டுக்கு வந்தேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஜன்னலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியாது. எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டாவது கியர்லயே போறான் பாருங்க மாப்பிள்ளை" என்றார், எதையும் பார்க்காமலே. லாரியில் வேலை செய்யும் மற்ற ஆட்களைக் கூப்பிட்டு ஒரு ஞாயிறு இறக்கிப் பார்த்தோம். முதல் வளைவுக்குள்ளேயே மாமா கத்திய கத்தலில் கட்டடமே கதவைத் திறந்து பார்த்தது. "மேல கொண்டு போங்கப்பா, மேல கொண்டு போங்க. என் மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் புடிச்சா இறங்கறேன். இல்லன்னா ஜன்னலே போதும்." அதற்குப் பிறகு ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆகக் கூடி, என் முதுகு சரியானால்தான் மாமா தெருவைப் பார்ப்பார் என்று ஆகிவிட்டது.

இந்த அவசரத்தில்தான் எங்கள் தொழில்புத்தி குறுக்கே வந்தது. சாமான் தூக்குகிறவனுக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும். படி ஏறி இறங்கும் நடையை மிச்சம் பிடிக்க வேண்டும். நாலு நடையில் எடுக்க வேண்டியதை ஒரே நடையில் எடுத்தால் கெட்டிக்காரன். நானும் யோசித்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எதற்கு? வாரத்துக்கும் சேர்த்து ஒரே நடையில் முடித்துவிட்டால் ஆயிற்று! ஞாயிறு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாரப் பயிற்சியை ஒரே மூச்சில் செய்தேன். ஒரே மூச்சு என்று சும்மா சொல்லவில்லை. பாரம் தூக்கும்போது தம் கட்டுவது எங்கள் பழக்கம். இடுப்பை உயர்த்தும்போதெல்லாம் தம் கட்டினேன். மறுநாள் கழிப்பறைக்குத் தவழ்ந்து போனேன்.

பிசியோ பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வாரச் சாப்பாட்டையும் ஞாயித்துக்கிழமையே சாப்பிட்டுடுவீங்களாண்ணா?"

பக்கத்தில் நின்ற சகலை, "சாப்பிட்டாலும் சாப்பிடுவான்மா" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனை ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். கையைத் தூக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் வழிக்கு வந்தேன். கொஞ்சமாக, மெதுவாக, மூச்சை விட்டு விட்டு, தினமும். காலையில் ஹாலில் மேசையை ஓரம் தள்ளி, லாரியில் சாமானைச் சுற்றும் பழைய கம்பளங்களில் ஒன்றைத் தரையில் விரிப்பேன். அந்தக் கம்பளத்தில் எத்தனையோ வீடுகளின் வாசனை இருக்கும். மெழுகு, புத்தகம், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. சில நாளிலேயே சகலையும் லுங்கியோடு மேலே வந்து பக்கத்தில் ஒரு கம்பளத்தை விரித்தான்.

"உனக்கு என்ன கேடு?" என்றேன்.

"எனக்கும்தான் வலிக்குது. உன்னை மாதிரி ஊரைக் கூட்டல, அவ்வளவுதான்."

மாமாதான் எங்களுக்கு மேற்பார்வை. கையில் காப்பி டம்ளரோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "ம், வண்டியை எடுக்கலாமா?" என்பார். நாங்கள் நாலு காலில் நிற்போம். "பூனை மாதிரி வளைங்கன்னா எருமை மாதிரி நிக்கறீங்களே மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளை, வளைவுல ஏன் இவ்ளோ ஸ்பீடு? பின்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க, ஞாபகம் வெச்சுக்குங்க." மனைவி சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். மச்சினி கீழேயிருந்து வந்துவிடுவாள், "அக்கா, இந்தக் கூத்தைப் பாக்காம எனக்குப் பொழுதே விடியலை" என்று. காலை வெயில் கம்பளத்தின் மேல் விழும். நான் காலை நீட்டுவேன், என் கால் சகலையின் முகத்துக்கு நேரே போகும், அவன் கத்துவான். அப்போது எனக்கு அதெல்லாம் தொல்லையாக இருந்தது. இன்றைக்கு அந்தக் காலைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், என்னிடம் இருப்பதை எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

மாமா ஒரு நாள் பந்தயம் கட்டினார். "நீங்க முதுகைத் தேத்துங்க. நான் உடம்பைக் குறைக்கறேன். உங்களுக்கும் தூக்க சுலபமா இருக்கும்ல? யாரு முந்தறாங்கன்னு பாத்துடலாம்." எல்லோரும் கைதட்டினோம். சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் சொல்லியே கேட்காத மனிதர். அன்றிலிருந்து தட்டில் பாதியை ஒதுக்கினார். "ஏம்ப்பா, இன்னும் கொஞ்சம்" என்று மனைவி கெஞ்சினால், "மாப்பிள்ளை முதுகை நினைச்சுப் பாரும்மா" என்பார். வயிறு வற்றியது. சட்டை தொளதொளத்தது. மச்சினி தையல் பிரித்துப் பிடித்துக் கொடுத்தாள். "அப்பாவுக்குப் பொண்ணு பாக்கலாம் போலிருக்கே" என்று கேலி செய்தோம். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தோம், நாலு பேருக்கும் அது வெறும் பந்தயமாகத்தான் தெரிந்தது.

என் முதுகு சரியாகிக்கொண்டு வந்தது. முதலில் சுவரைப் பிடிக்காமல் கட்டிலை விட்டு எழுந்தேன். பிறகு ஷூ நாடாவை நானே கட்டினேன். கம்பெனியில் அதுவரை உட்கார்ந்து சாவிக்கொத்துக்குக் காவலிருந்தவன், பெட்டி தூக்கினேன், அப்புறம் மேசை தூக்கினேன். வலி அவ்வப்போது எட்டிப் பார்க்கும். மூச்சை விட்டு, வயிற்றை இறுக்கி, முட்டியை மடக்கினால் போய்விடும்.

அந்த நாட்களில் சகலை ஒரு அயோக்கியத்தனம் செய்தான். யாரோ ஒருவர் வீட்டில் அலமாரி இறக்கும்போது, மேலே நின்றுகொண்டே கனத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். எங்கள் லாரியில் இதற்கு 'சுமை திருடறது' என்று பெயர். இரக்கப்பட்டுச் செய்தாலும் திருட்டு திருட்டுதான். கீழே நிற்பவனுக்குக் கனம் தெரியாமல் போனால் வளைவில் கால் தப்பும், இருவரும் சாமானோடு உருள வேண்டியதுதான். அலமாரியை அப்படியே படியில் நிறுத்திவிட்டு அவனைப் பிடி பிடி என்று பிடித்தேன். வீட்டுக்காரம்மாள் பயந்து உள்ளே போய்விட்டாள். "இனிமே திருடினே, உன்கூடத் தூக்கவே மாட்டேன்" என்றேன். "சரி விடு, திருடலை" என்று சத்தியம் செய்தான்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறு, மாமாவை இறக்குவது என்று முடிவு செய்தோம். மாமா விடிவதற்கு முன்பே எழுந்து சவரம் செய்து, தையல் பிடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். நானும் சகலையும் அன்றைக்கும் கம்பளம் விரித்துப் பயிற்சியை முடித்தோம். நாற்காலியில் மாமாவை உட்கார வைத்துப் பெல்ட் கட்டினேன். பெல்ட்டின் வால் நீளமாகத் தொங்கியது. அதையும் கேலி செய்தோம். மனைவி கதவருகே நின்று, "முதுகு பத்திரம்ங்க" என்றாள். கீழ்ப்படியில் கால் வைத்து, மூச்சை விட்டு, "தூக்கு" என்றேன்.

வலி இல்லை. துளி வலி இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் மாமாவின் முகத்தைப் பார்த்துப் பல்லை இளித்தேன். அவரும் இளித்தார். ஒரு படி, இன்னொரு படி. முதல் வளைவு வருவதற்குள் என் கை என்னிடம் வேறு ஏதோ சொல்லிற்று. இத்தனை வருஷம் சாமான் தூக்கிய கை அது. இந்த நாற்காலியின் கனம் அதற்கு அத்துப்படி. வந்தது கோபம்.

"சகலை, சத்தியம் பண்ணினியே. மறுபடியும் திருடறே."

"நான் எங்க திருடறேன்?" என்றான் மேலேயிருந்து. "நீதான் மொத்தத்தையும் தாங்கிட்டிருக்கே. உடம்பு சரியானதும் திமிர் வந்துடுச்சா? என் பக்கம் கொஞ்சம் விடு."

"விளையாடாதே. என் பக்கம் ஒண்ணுமே இல்லை."

"என் பக்கமும் ஒண்ணுமில்லைடா!"

வளைவில் நின்றுவிட்டோம். மாமாவின் தலைக்கு மேலே நான் சகலையைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப் போயிற்று. எங்கள் இருவரில் யாரும் திருடவில்லை. சாப்பாட்டைக் குறைத்து இளைத்தவர் கனம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், இது அந்தக் கனம் இல்லை. நான் மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தி மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார்.

"என்ன மாமா இது?"

"சாப்பாடு இறங்க மாட்டேங்குது மாப்பிள்ளை. ரொம்ப நாளாச்சு. தொண்டையிலேயே நிக்குது. பந்தயம்னு சொன்னா யாரும் தோண்டித் துருவ மாட்டாங்க இல்லையா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது. "சொல்லியிருக்கலாம்ல? டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க, பொண்ணுங்களுக்குக் கேக்கும். சொன்னா என்ன பண்ணுவீங்க? யாரோ நாலு பேர் வந்து ஸ்ட்ரெச்சர்ல கட்டி இறக்கியிருப்பாங்க. எனக்கு உங்க கையால இறங்கணும்னு இருந்துச்சு. நீங்க தினமும் தரையில கெடந்து படற பாட்டைப் பாத்துட்டே இருந்தேனே, எப்படியும் தேறிடுவீங்கன்னு தெரியும். காத்துட்டிருந்தேன்." என் தோளைத் தட்டினார். "நாளைக்கு எந்த டாக்டர்கிட்ட வேணாலும் கூட்டிட்டுப் போங்க. இப்போ வண்டியை எடுங்க. நடு ரோட்டுல நிறுத்தாதீங்க."

எடுத்தோம். மீதிப் படி முழுவதும் சகலை வழி சொல்லவே இல்லை. அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல், மாமாவின் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி இறங்கினேன். இரண்டாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து, "அட, வந்துட்டீங்களா!" என்றார்கள். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் வீட்டுக் குழந்தை முதல் குழாய் ரிப்பேர் வரை விசாரித்தார். பெஞ்சில் அவரை உட்கார வைத்ததும் சலூன்காரர் கத்திரிக்கோலோடு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முதல் பஸ் வந்து நின்றது. மாமா கண்ணை மூடி அதன் பிரேக் சத்தத்தைக் கேட்டார். "இவன் பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சாயங்காலமே பெண்களிடம் சொன்னோம். மனைவிக்கு என்மேல் கோபம், கவனிக்காமல் விட்டோமே என்று தன்மேல் அதைவிடக் கோபம். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம், ஊசி, குழாய் எல்லாம் ஆயிற்று. பெரிய டாக்டர் என்னையும் சகலையையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். முன்பே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அது உண்மையோ, எங்கள் மனசுக்காகச் சொன்னதோ, தெரியாது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு என்ன, திங்கள் என்ன? தினமும் இறக்கினோம். கம்பெனியில் முதல் லோடுக்கு வேறு ஆட்களைப் போடச் சொல்லிவிட்டு, காலையில் கம்பளம் விரித்துப் பயிற்சி செய்வோம். மாமா ஜன்னலோரத்திலிருந்து திட்டுவார். குரல் கம்மிப் போயிருக்கும், ஆனாலும் திட்டுவார். முடித்ததும் நாற்காலி. வளைவுகளில் வேண்டுமென்றே மெதுவாகப் போவோம். எந்தச் சாமானையும் அவ்வளவு மெதுவாக நாங்கள் இறக்கியதில்லை. மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு மனைவி முன்னே போவாள்.

கடைசி நாட்களில் ஒருவனே அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் இருவரும்தான் பிடித்தோம், நான் கீழே, சகலை மேலே. என் முதுகு இரும்பாகிவிட்டிருந்தது. பிசியோ பெண்ணே ஆச்சரியப்பட்டாள். எத்தனை வருஷமாக எந்த வலி போகட்டும் என்று வேண்டினேனோ, அந்த வலி ஒரே ஒரு நாளாவது வரட்டும், தூக்கும்போது இடுப்பில் சுரீர் என்று ஒரு தடவையாவது இழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் கீழ்ப்படியில் கால் வைத்தேன். வலிக்கவே இல்லை.